மேனிம்ல வெயிட் (wait) போட்டா வீடியோ நிக்காது, தயவுசெஞ்சு கேளுங்க

போன வாரமும் ஒரு வைவா (ப்ராஜெக்ட் வாய்மொழித் தேர்வு) ரிகர்சல்ல இதேதான். பையன் மேனிம்ல (பைத்தான் கோட் எழுதி கணக்கு அனிமேஷன் வீடியோ பண்ற டூல்) ஐகன்வெக்டர் (மேட்ரிக்ஸ் போட்டாலும் திசை மாறாத அம்புக்குறி) அனிமேஷன் அவ்ளோ அழகா கோட் பண்ணியிருக்கான், கைடு நடுவுல "தம்பி, அந்த அம்புக்குறி மட்டும் ஏன் திசை மாறல?"ன்னு கேக்குறாரு, இவன் வாயத் திறக்குறதுக்குள்ள அடுத்த மேட்ரிக்ஸ் வந்து உக்காந்துருச்சு. அவன் எழுதுன கோட்-ஐ எடுத்தா எங்க பாத்தாலும் வெயிட் 5, வெயிட் 8. இந்த வருஷத்துல இது நாலாவது ஆளு.

"வெயிட் போட்டிருக்கேனே சார்"னு எல்லாரும் ஒரே பதில் சொல்றாங்க. வெயிட்டுங்கிறது பாஸ் (pause) இல்லைங்க! அசையாத படத்த அஞ்சு செகண்டுக்கு வீடியோவுக்குள்ளயே ஒட்டி வைக்குது, அவ்ளோதான், நீங்க பேசி முடிச்சீங்களா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்? சரி 5-ஐ 15 ஆக்குறேன்னு சொல்லாதீங்க. கேள்வி வராத அன்னைக்கு 15 செகண்ட் சும்மா முழிச்சுக்கிட்டு நிப்பீங்க, வந்த அன்னைக்கு அதுவும் பத்தாது. மேனிம், கிராண்ட் சாண்டர்சன் 2015-ல தன்னோட யூடியூப் வீடியோவுக்காக எழுத ஆரம்பிச்சது, வீடியோவுல நடுவுல கை தூக்க ஆளே கிடையாதே. நெக்ஸ்ட் செக்‌ஷன் கமாண்டும் இதுக்கில்ல, அது வீடியோவத் துண்டு துண்டா சேவ் பண்ணத்தான்.

இதுக்குன்னே மேனிம் ஸ்லைட்ஸ்னு ஒரு தனி டூல் இருக்கு, அத இன்ஸ்டால் பண்ணுங்க, கிளாஸ்ல சீன் இருக்குற இடத்துல ஸ்லைட்னு மாத்துங்க, நிக்க வேண்டிய இடத்துல நெக்ஸ்ட் ஸ்லைட் போடுங்க, நீங்க அடுத்ததுக்குப் போற வரைக்கும் அங்கயே நிக்கும். இதெல்லாம் பண்ணிட்டு கடைசில அந்த எம்பி4 ஃபைலை எடுத்து விஎல்சில ஓட்டுறவங்க இருக்காங்க, அதுல ஒரு இடத்துலயும் நிக்காது, மேனிம் ஸ்லைட்ஸோட பிரசன்ட் கமாண்ட்லயோ, இல்லன்னா எச்டிஎம்எல்லா மாத்தியோதான் ஓட்டணும்.

அதுக்காக அனிமேஷனை ஓட்டுற ஒவ்வொரு பிளே வரிக்கு அப்புறமும் நெக்ஸ்ட் ஸ்லைட் போட்டு வைக்காதீங்க, கிளிக் பண்ணியே கை வலிச்சுரும். ஒரு தடவ வாய்விட்டுப் பேசிப் பாருங்க, கேள்வி வரும்னு தோணுற இடம் உங்களுக்கே தெரியும். விடை ஸ்கிரீன்ல வர்றதுக்கு முன்னாடி நிறுத்துங்க, வந்தப்புறம் நிறுத்தி என்ன புண்ணியம்? நீளமா பேசுற இடத்துல நெக்ஸ்ட் ஸ்லைட்ல லூப் ட்ரூ குடுத்து, அனிமேஷனைத் திரும்பத் திரும்ப ஓட விடலாம், ஆனா தொடங்குன நிலையும் முடியுற நிலையும் ஒண்ணா இருக்கணும், இல்லன்னா ஒவ்வொரு சுத்துக்கும் குதிக்கும்.

பிரவுசர்ல ஓட்ட எச்டிஎம்எல்லா மாத்துனா கூடவே ஒரு அசெட்ஸ் ஃபோல்டர் வரும், அதையும் சேத்து பென்டிரைவ்ல காப்பி பண்ணுங்கப்பா, வெறும் எச்டிஎம்எல்லோட வந்து நிக்காதீங்க. முந்தின நாள் ராத்திரி ரூம்மேட்டை உக்கார வச்சு, நடுநடுவுல கேள்வி கேக்கச் சொல்லி ஒரு தடவையாவது முழுசா ஓட்டிப் பாத்துருங்க, ப்ளீஸ்.