மருந்து என்றால் யார் பயப்படுவார்?

கூட்டம் முடிந்து எல்லாரும் மண்டபத்தை விட்டுக் கிளம்பிய பிறகு ஓர் அக்கா மட்டும் நின்றார். இருபது வருடங்களுக்கு மேலாகச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, தோட்டத்தில் மருந்து அடிப்பவர். ஒன்றரை மணி நேரம் நான் பேசியதை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்.

"நல்லா பேசுனீங்க தம்பி. ஒன்னு மட்டும் கேக்கலாமா? மருந்துதானே அது? மருந்துக்கு எதுக்கு இவ்வளவு பயம்?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்று 42 ஸ்லைடுகள் காட்டியிருந்தேன். சட்டப் பிரிவுகள், ரசாயனப் பெயர்கள், நச்சு வகைகள், 'தனிநபர் பாதுகாப்புச் சாதனங்கள்' என்று நீளமாக ஒரு பட்டியல். எதுவும் தவறில்லை. ஆனால் தோட்டத்தில் எல்லாரும் சொல்வதுபோல நானும் களைக்கொல்லியை 'மருந்து' என்றே சொல்லிக்கொண்டு போயிருக்கிறேன். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, புல்லுக்கு அடிப்பதும் மருந்து. பக்கத்து வரிசையில் இருந்த இந்தோனேசியத் தொழிலாளர்கள் அதையே 'ராச்சுன்' என்பார்கள். மலாயில் அதற்கு விஷம் என்று பொருள். ஒரே டின், ஒரே திரவம். அவர்கள் விஷத்தைப் பற்றிக் கேட்டார்கள், நம் ஆட்கள் மருந்தைப் பற்றிக் கேட்டார்கள்.

நான் தோட்டங்களில் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்க்கிறேன். வசிப்பது மலேசியாவில், பெஸ்தாரி ஜெயா பக்கம். பெரியவர்கள் வாயில் அது இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். பால்மரம், அதாவது ரப்பர், இருந்த இடமெல்லாம் செம்பனை ஆகிவிட்டது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் பல, 'தாமான்' எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குப் போய்விட்டன. இன்று பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆட்கள் கூடும் காலைக் கூட்டத்துக்கு, வந்து நிற்பவர்களில் இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து வந்தவர் இருப்பார், வங்காளதேசத்துக்காரர் இருப்பார், நேப்பாளி இருப்பார், நம் அக்காமார் சிலர் இருப்பார்கள். அன்று மதியமே அதே விஷயத்தை நிர்வாகியிடம் பேச வேண்டியிருக்கும். அடுத்த வாரம் தமிழ்ப்பள்ளியில் கூப்பிடுவார்கள். என் வேலையில் பாதி இப்படிப் பேசுவதுதான். அந்த அக்காவின் கேள்வி வரும்வரை எல்லா இடத்துக்கும் ஒரே ஸ்லைடுகளைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வந்தது. எங்கே பேசப் போனாலும் முதல் நாளே போய், கேட்கப் போகிறவர்களில் ஒருவரோடாவது தேநீர் குடித்துவிடுவேன். "இதை நீங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்பேன். பம்புக்கு ஒரு பெயர், முனைக்கு ஒரு பெயர், கை எரிவதற்கு ஒரு பெயர் என்று அவர்களிடம் ஏற்கெனவே சொற்கள் இருக்கும். 'தோல் அழற்சி' என்று நான் எழுதியிருந்ததை அந்த அக்கா 'காந்தல்' என்றார். அந்தச் சொல்லைச் சொன்னதும் கூட்டத்தில் நாலு பேர் தங்கள் கையைத் திருப்பிப் பார்த்தார்கள். 'மருந்து' என்ற வார்த்தையை மட்டும் யார் வாயிலிருந்தும் என்னால் எடுக்க முடியாது. அதனால் தொடக்கத்திலேயே நிறுத்திச் சொல்லிவிடுகிறேன்: "நாம மருந்துன்னு சொல்றோம். இது புல்லைக் கொல்ற விஷம். நோயைத் தீர்க்கிற மருந்து இல்லை."

சரி, நாலு மொழிக்காரர்கள் ஒரே இடத்தில் நின்றால் எப்படிப் பேசுவது? இதற்கு எனக்குக் கை கொடுத்தது மஞ்சள்.

புது பம்பு ஒன்று, அதாவது ஒருமுறைகூட விஷம் ஊற்றாதது, எடுத்துக்கொள்வேன். தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்து, துணியில் வடிகட்டி ஊற்றுவேன். வடிகட்டாமல் ஊற்றினால் தூள் போய் முனையை அடைத்துக்கொள்ளும். ஒருவருக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைக் கையுறை போட்டுவிட்டு, வழக்கம்போல ஐந்து நிமிடம் அடிக்கச் சொல்வேன். அடித்து முடித்ததும் அவர் எல்லார் நடுவிலும் வந்து நிற்பார். முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் மஞ்சள். மூடி சரியாக இறுகாததால் முதுகில் ஒரு கோடு. வலது மணிக்கட்டில், கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே, ஒரு வளையம். வியர்வை துடைத்திருந்தால் நெற்றியில் நாலு விரல் தடம். எந்த மொழியும் தேவைப்படாது. ஒருவரை ஒருவர் தட்டிக் காட்டிக்கொள்வார்கள்.

அப்புறம்தான் முக்கியமான கட்டம். கையுறையைக் கழற்றச் சொல்வேன். பெரும்பாலும் எல்லாரும் செய்வது, ஒரு கையால் இன்னொரு கையுறையின் விரலைப் பிடித்து இழுப்பது. இரண்டாவதைக் கழற்றும்போது வெறுங்கை ஈரக் கையுறையைத் தொட்டுவிடும். கழற்றிய கை சுத்தமாகத்தான் தெரியும், மஞ்சள் லேசாகத்தான் ஒட்டியிருக்கும். அந்தக் கையில் துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டியைத் தேய்க்கச் சொல்வேன். மஞ்சள் பட்ட இடமெல்லாம் சிவந்துவிடும். காரம் பட்டால் மஞ்சள் சிவப்பாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேரும்போது நடப்பதும் இதுதான். நம் அக்காமார் ஒருவரும் இதை என்னிடம் விளக்கம் கேட்டதில்லை. வங்காளதேசத்தில் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மஞ்சள் பூசும் சடங்கு உண்டு. இந்தோனேசியர் வீட்டில் 'குன்யிட்' இல்லாமல் சமையல் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த பொருள் கையில் சிவந்து நிற்கும்போது, "கையுறையோடு முதலில் கழுவு, பிறகு கழற்று" என்ற ஒரு வரியை நான் சொன்னால் போதும்.

அந்த 42 ஸ்லைடுகளில் இது 31ஆவது ஸ்லைடில் ஐந்தாவது புள்ளியாக இருந்தது.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் பலர் கவனமாக இருப்பதில்லை. நான் மூன்று நிமிடம் மலாயில் பேசினேன். வங்காளதேசத் தொழிலாளர்களுக்காக நிறுத்தி வைத்திருந்தவர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். பின்னால் கேட்டபோது, "கையுறை போடச் சொல்றார்னு சொன்னேன்" என்றார். அவர் மேல் குற்றமில்லை. செம்பனைக் குலை வெட்டி முடித்துக் களைத்து வந்தவரை அப்படியே இழுத்து வந்து நிறுத்தியிருந்தேன். இப்போது முதல் நாள் மாலையே உட்கார்ந்து அவரோடு ஒருமுறை முழுக்கப் பேசிவிடுகிறேன். பேசும்போது இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துவேன். அந்த நேரத்துக்கு அவருக்குக் கூலி போடச் சொல்லி நிர்வாகத்திடம் வாங்கிக் கொடுத்தேன். அது வந்த பிறகு அவர் பேசும் விதமே மாறியது.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு எல்லா மொழியிலும் ஒரே பதில்தான் வரும். வேலையை மேய்க்கும் மண்டோர் பக்கத்தில் நிற்கும்போது யார் புரியவில்லை என்று சொல்வார்? "பாய், நீங்க செஞ்சு காட்டுங்க, நான் பாக்கறேன்" என்று சொன்னால்தான் எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று தெரியும். செய்து காட்டுபவர் தடுமாறினால் அது என் பேச்சில் உள்ள குறை என்று முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவிடுவேன். இல்லையென்றால் அடுத்த முறை யாரும் முன்னால் வரமாட்டார்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காலை ஆறு மணிக்குப் பெரட்டு நடக்கும்போது இங்கே இருட்டு விலகியிருக்காது. டியூப் லைட் வெளிச்சத்தில் மோட்டார் சைக்கிளோடு நிற்பார்கள். வெட்டும் குலைக்குத்தான் கூலி என்பவருக்கு நான் கூடுதலாகப் பேசும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பையிலிருந்து போகும் காசு. அதனால் பெரட்டில் எட்டு நிமிடம், ஒரே ஒரு விஷயம். மீதி அடுத்த வாரம்.

நிர்வாகியின் அறை வேறு உலகம். முதல் முறை போனபோது அந்த அக்காவின் கைக் காந்தலில் தொடங்கி உருக்கமாகப் பேசினேன். அவர் கேட்டுவிட்டு, "சரி, நான் என்ன செய்யணும்?" என்றார். என்னிடம் பதில் தயாராக இல்லை. அவர் கல்நெஞ்சர் அல்ல. தலைமை அலுவலகத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர். இரண்டாவது முறை ஸ்லைடே இல்லை, தோட்டத்தின் வரைபடம் ஒன்றுதான். மருந்து அடிக்கும் பகுதிகளைச் சிவப்பாலும், கை கழுவத் தண்ணீர் இருக்கும் இடங்களை நீலத்தாலும் குறித்திருந்தேன். சிவப்புப் பகுதிக்கு நடுவே ஒரு நீலப் புள்ளியும் இல்லை. உட்கார்ந்ததும் கேட்டேன்: நாலு தண்ணீர்த் தொட்டி, சவர்க்காரம், ஆளுக்கு இரண்டு ஜோடி கையுறை, மொத்தச் செலவு இவ்வளவு.

சட்டத்தை அங்கேதான் எடுத்தேன். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளிக்குத் தகவலும் அறிவுறுத்தலும் பயிற்சியும் மேற்பார்வையும் தருவதை முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. கடமை தவறினால் விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம் 50,000 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்தது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் அதை 5 லட்சம் வெள்ளியாக உயர்த்தியிருக்கிறது. பெரட்டில் சொன்னால் இந்த எண்ணுக்கு யாரும் தலை நிமிர மாட்டார்கள். நிர்வாகி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். மூன்று தொட்டிக்கு அன்றே சம்மதம் கிடைத்தது. நாலாவதற்கு அடுத்த வருட பட்ஜெட் வரை காத்திருந்தோம். வருகைப் பதிவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருப்பதைக் காட்டி, பயிற்சி கொடுத்தாயிற்று என்று கோப்பை மூடுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. கையெழுத்து, அவர் வந்தார் என்பதற்கு மட்டுமே சாட்சி.

தமிழ்ப்பள்ளியில் பேசுவதற்குத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2002இல் நிறுத்துவதாக அறிவித்து, 2006இல் அதைத் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் முழுமையாகத் தடை செய்தார்கள். குடித்தவரைக் காப்பாற்ற மாற்று மருந்து இல்லாத விஷம் அது. இன்று அடிப்பது வேறு களைக்கொல்லிகள் என்றாலும், மிச்சத்தை மினரல் வாட்டர் போத்தலிலோ குளிர்பானப் போத்தலிலோ ஊற்றி வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பிள்ளைகளிடம் நான் கொண்டு போவது இரண்டு போத்தல்கள். ஒன்றில் தேநீர், இன்னொன்றில் அதே நிறத்தில் சாயத் தண்ணீர். எது குடிக்கிறதுக்கு என்று கேட்பேன். கை தூக்குவார்கள், பாதிப் பேர் தப்பாக. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

ஒருமுறை அங்கே, "யார் வீட்டில் மருந்து அடிக்கிறவங்க இருக்காங்க?" என்று கேட்டுவிட்டேன். ஒரு பெண் பிள்ளை கையைப் பாதி தூக்கி, பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டாள். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு எந்தப் பள்ளியிலும் கேட்டதில்லை. வேலைத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும் என்பதை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்கிறேன். சொல்வதற்கு முன், அந்த வேலை செய்பவர்கள் இல்லாமல் தோட்டம் ஓடாது என்பதையும் சொல்கிறேன்.

இப்போது மஞ்சள் தண்ணீர் காட்டுவது நான் அல்ல, அந்த அக்காதான். தமிழும் மலாயும் கலந்து பேசுவார். பம்பை மாட்டியவரை ஒரு சுற்று சுற்ற வைத்து, முதுகுக் கோட்டைத் தொட்டு, "இனி ராச்சுன், தம்பி, விஷம்" என்பார். மலாயில் 'இனி' என்றால் 'இது'. நான் ஓரமாக நின்று, யார் முகத்தில் கேள்வி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

வரும் சனிக்கிழமை புதிதாக வந்த நேப்பாளிகளுக்குப் பயிற்சி. நேற்று அவர்களில் ஒருவரோடு கடையில் உட்கார்ந்து, மஞ்சளுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டேன். 'பேசார்' என்றார். மலாயில் கிட்டத்தட்ட அதே ஒலிக்குப் 'பெரிய' என்று அர்த்தம். அக்கா மலாயில் ஏதாவது 'பெசார்' என்று சொன்னால் அவர்கள் மஞ்சளைத் தேடுவார்கள். இன்று மாலை அக்காவைப் பார்த்து அதைச் சொல்லிவிட வேண்டும்.