பழைய டிரேடிங் மென்பொருளை நிறுத்திவிட்டால் யாரிடம் கேட்பது?

பங்குச் சந்தையில் பல வருடமாக இருப்பவர்களிடம் கை பழகிய ஒரு பழைய மென்பொருள் இருக்கும், சார்ட், ஷார்ட்கட் எல்லாம் தனக்கேற்றபடி அமைத்து வைத்திருப்பார்கள். திடீரென்று ஒருநாள் 'இந்தப் பதிப்புக்கு இனி அப்டேட் வராது' என்று மின்னஞ்சல் வரும். அப்படி நிறுத்தலாமா? இந்தியாவில் நிறுத்தலாம். பழைய பதிப்பை இத்தனை ஆண்டு ஓட்டியே ஆக வேண்டும் என்று விற்றவரைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இங்கே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல் அப்படி ஒரு விதி உண்டு, நுகர்வோர் நியாயமாக எதிர்பார்க்கும் காலம்வரை பாதுகாப்பு அப்டேட் தந்தாக வேண்டும். ஆனால் நிதிச் சேவைகளை அந்த விதியே விலக்கி வைத்திருப்பதால் புரோக்கர் தரும் டிரேடிங் தளத்துக்கு அங்கேயும் அது உதவாது.

அதற்காக எதுவுமே கேட்க முடியாது என்றில்லை. மென்பொருள் யார் கையிலிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள்.

புரோக்கர் தந்ததா? எழுதியது எந்தக் கம்பெனியாக இருந்தாலும் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் புரோக்கர்தான். 'அது வெண்டர் பிரச்சினை சார்' என்ற பதிலை ஏற்றுக்கொண்டு போனை வைத்துவிடாதீர்கள். அவரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், தீரவில்லையென்றால் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார் தளத்துக்குப் போங்கள், அங்கே போன புகாருக்கு புரோக்கர் 21 நாளுக்குள் நடவடிக்கை அறிக்கை தர வேண்டும். அந்தப் பதிலும் சரியில்லை என்றால் 15 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அப்புறமும் இழுத்தால் ஆன்லைனிலேயே தகராறு தீர்க்கும் ஸ்மார்ட் ஓடிஆர் தளம் இருக்கிறது, முதலில் சமரசம், அது தேறாவிட்டால் நடுவர் தீர்ப்பு.

அல்கோ, அதாவது தானாகவே ஆர்டர் போடும் நிரல், வைத்திருப்பவர்கள் கதை கொஞ்சம் வேறு. செபியின் 2025 பிப்ரவரி 4 சுற்றறிக்கைப்படி யார் வேண்டுமானாலும் இணையக்கூடிய திறந்த ஏபிஐ (நிரலைப் புரோக்கரின் கணினியோடு இணைக்கும் வழி) கூடாது, ஆர்டர் முன்பே பதிவுசெய்த நிலையான ஐபி முகவரியிலிருந்து வர வேண்டும், இரண்டு படி சரிபார்ப்பும் வேண்டும். பழைய முறையில் இணைந்துகொண்டிருந்த நிரல்கள் இதனால் நின்றுபோனால் எழுதியவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை, விதி மாறிவிட்டது. அதே சுற்றறிக்கை உங்களுக்குச் சாதகமாக ஒன்றும் சொல்கிறது: அல்கோ விற்பவர் பங்குச் சந்தையின் பட்டியலில் சேர்ந்திருக்க வேண்டும், அவர் புரோக்கரின் முகவர் மாதிரிதான், வாடிக்கையாளர் புகார்களுக்கு முழுப் பொறுப்பும் புரோக்கருடையது.

சார்ட் மென்பொருள் மாதிரி எதையாவது நேராகக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் ஸ்கோர்ஸ் பக்கம் போவதில் அர்த்தமில்லை, அதை எழுதி விற்கும் கம்பெனி செபியின் கீழ் வராது. அங்கே கைகொடுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. கடையில் விற்கும் தயார் மென்பொருளும் ஒரு பொருள்தான் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே டிசிஎஸ் வழக்கில் சொல்லிவிட்டது, அது விற்பனை வரி வழக்கு என்றாலும் வாதத்துக்கு உதவும். 'வாழ்நாள் உரிமம், அப்டேட் இலவசம்' என்று விளம்பரம் செய்து விற்றுவிட்டு மூன்றாம் வருடம் கைவிட்டால் அதை முறையற்ற வணிக நடைமுறை என்று வாதாடலாம். நியாயமான காரணமில்லாமல் ஒருதலையாக முறித்துக்கொள்ள இடம் தரும் ஒப்பந்தத்தையும் கேள்வி கேட்கலாம், ஆனால் அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

சிக்கல் எங்கே வரும் என்றால், எதிர்த்தரப்பு 'இவர் லாபத்துக்காக வாங்கினார், நுகர்வோரே இல்லை' என்று ஆரம்பிக்கும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கினேன் என்று காட்டினால் சட்டம் விலக்கு தருகிறது. காட்டுவது உங்கள் வேலை, எல்லா ஆணையங்களும் எளிதில் ஏற்பதில்லை. பிரச்சினை தொடங்கி 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு முதலில் பேசிப் பார்ப்பது நல்லது, சில கம்பெனிகள் அந்த அளவிலேயே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

எந்த வழியில் போனாலும் வாங்கியபோது இருந்த விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, நிறுத்துவதாக வந்த மின்னஞ்சல் மூன்றும் கையில் வேண்டும். பழைய மென்பொருள் இன்னும் திறக்கிறதென்றால் அதிலுள்ள வர்த்தக விவரங்களை இன்றைக்கே எக்செலில் இறக்கி வைத்துவிடுங்கள், சர்வரை அணைத்த பிறகு கேட்டால் யாரும் எடுத்துத் தர மாட்டார்கள்.