இறங்கும்போதுதான் வலி: முழங்காலுக்குப் பிசியோதெரபி என்ன செய்கிறது?

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் "மூட்டுத் தேய்மானம்" என்று சொன்ன நாளிலிருந்து பலர் நடையைக் குறைத்துவிடுகிறார்கள். சொல்லே அப்படி. செருப்பு தேயும், டயர் தேயும். நடந்தால் தேயும் என்றால் நடக்காமல் இருப்பதுதானே புத்திசாலித்தனம்? சென்னை மந்தைவெளியில் முதல் மாடியில் குடியிருக்கும் 62 வயது அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் காய்கறிக்கு மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார். தினமும் போன கபாலீஸ்வரர் கோயில் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்றாகும், பிறகு பிரதோஷத்துக்கு மட்டும், கடைசியில் டிவியில் தரிசனம். ஆறு மாதம் போனால் வலி அப்படியேதான் இருக்கும், படி ஏறும் தெம்பு மட்டும் போயிருக்கும்.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போகிறது. அதுவும் தானாகப் போவதில்லை. காலை ஊன்றும்போது குருத்தெலும்பு பஞ்சு மாதிரி அமுங்கிக் கழிவை வெளியே தள்ளும், தூக்கும்போது விரிந்து புதுத் திரவத்தை உறிஞ்சும். டயருக்கு இந்த வசதி இல்லை. அளவான நடை மூட்டுக்குச் சாப்பாடு போடுகிற வேலை. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமும் ஆள் படும் வலியும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. படத்தில் மோசமாகத் தெரியும் முழங்காலோடு சிலர் சிரமமில்லாமல் நடக்கிறார்கள், படம் நன்றாக இருந்தும் சிலர் நொண்டுகிறார்கள்.

நடை ஏன் நின்றுபோகிறது என்பதைப் புரிந்துகொள்ள மூட்டை விட்டுத் தசைக்கு வர வேண்டும். நாற்காலியிலிருந்து எழ, இளைஞர் ஒருவர் தன் தொடை முன்பக்கத் தசையின் முழு பலத்தில் பாதியைக்கூடச் செலவழிப்பதில்லை. எழுபதுகளில் இருப்பவருக்கு அதே வேலைக்குச் சுமார் 80 சதவீதம் தேவைப்படுகிறது. சம்பளத்தில் பாதியை வாடகையாகக் கொடுப்பவருக்கும் முக்கால்வாசிக்கு மேல் கொடுப்பவருக்கும் உள்ள வித்தியாசம் இது. இரண்டாமவருக்கு எதிர்பாராத ஒரு செலவு வந்தால் தாங்காது. ஒரு வாரக் காய்ச்சலோ டெங்குவோ வந்து படுத்தால் கால் தசை கரையும். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்றில் கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்திருந்தது. பிசியோதெரபி ஆளைச் சுறுசுறுப்பாக்குவது இந்தக் கையிருப்பைக் கூட்டித்தான். படியின் உயரம் மாறப்போவதில்லை, ஆனால் அதை ஏற 80 சதவீதம் செலவழித்தவர் 60 சதவீதத்தில் ஏறினால் அவருக்கு அது வேறு படி.

செயற்கை மூட்டுக்குள் உணர்கருவி வைத்து முழங்காலில் விழும் சுமையை அளந்திருக்கிறார்கள். சமதளத்தில் நடக்கும்போது உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு. படி ஏறும்போது மூன்று மடங்குக்குச் சற்று மேல். இறங்கும்போது கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு. அதாவது 70 கிலோ எடையுள்ளவர் படி இறங்கினால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் சுமார் 240 கிலோ தாங்குகிறது. ஏறும்போது தொடைத் தசை எஞ்சின், இறங்கும்போது அதே தசைதான் பிரேக். நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கும் இந்த வேலையில் தசை பலவீனமாக இருந்தால் கால் "தொம்" என்று விழுகிறது, அதிர்ச்சி மூட்டுக்குப் போகிறது. "ஏறிடுறேன் டாக்டர், இறங்கத்தான் முடியலை" என்று முழங்கால்காரர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

இதில் ஒரு விஷச் சுழலும் உண்டு. மூட்டில் நீர் கோத்து வீங்கினால், அந்த வீக்கமே தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையைத் தணித்துவிடும். தசை இருக்கும், வேலை செய்யாது. அதனால்தான் வீங்கிய முழங்காலை வைத்துக்கொண்டு நேராகப் படிப் பயிற்சிக்குப் போகக் கூடாது. காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 நொடி பிடித்து விடுவது, 10 முறை, ஒரு நாளில் மூன்று வேளை. அலுப்பான பயிற்சிதான். ஆனால் தூங்கும் தசையை எழுப்ப இதுதான் வழி. வீக்கம் வடிந்ததும் இதை விட்டுவிடலாம். மாதக்கணக்கில் இதையே செய்துகொண்டிருப்பவர்களுக்குத் தெம்பு ஏறாது.

நல்ல பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் கட்டிலில் படுக்க வைப்பதற்கு முன் நாற்காலியில் உட்கார வைப்பார். சுமார் 43 செ.மீ. உயர நாற்காலி, கைகள் மார்பில் குறுக்காக, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்ற எண்ணிக்கை. 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் கீழும் ஆணுக்கு 14க்குக் கீழும் வந்தால் அது சராசரியைவிடக் குறைவு. இன்னொன்று: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார ஆகும் நேரம். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கழித்து "எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு "பரவாயில்லை" என்பதைவிடத் தெளிவான பதில் அதில் கிடைக்கும்.

பல இடங்களில் நடப்பது வேறு. பத்து சிட்டிங் பேக்கேஜ், ஒவ்வொரு முறையும் கரண்ட் வைப்பார்கள், அல்ட்ராசவுண்ட் தேய்ப்பார்கள், ஒத்தடம் கொடுப்பார்கள், கடைசியில் ஐந்து நிமிடம் காலைத் தூக்கி இறக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இதமாகத்தான் இருக்கும். ஆனால் படுத்துக்கொண்டிருக்கும் தசைக்கு யாரும் பலம் ஊட்டிவிட முடியாது. மூட்டுத் தேய்மானத்துக்கான இங்கிலாந்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல், எல்லா நோயாளிகளுக்கும் உடற்பயிற்சியைப் பரிந்துரைத்துவிட்டு, இந்த மின்சிகிச்சைகளைத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. பத்து நாளில் முடியும் பேக்கேஜ் உடம்பின் கணக்கோடும் ஒத்துவராது. முதல் மூன்று நான்கு வாரம் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பு தசையைத் திறமையாக ஏவக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பருக்க ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வேண்டும். பலர் அதற்குள் கைவிட்டுவிடுகிறார்கள்.

முழங்கால் பயிற்சிகளில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், எழுந்து உட்காருவதுதான். சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், கால் அகன்று சரியவும் செய்யும், வேண்டாம். இருக்கையின் நுனிக்கு வாருங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழுங்கள். உட்காரும்போது மூன்று எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குங்கள். 8 முறை, சற்று ஓய்வு, இன்னொரு 8. ஒரு நாள் விட்டு ஒரு நாள். முடிக்கும்போது "இன்னும் இரண்டு மூன்று செய்யலாம்" என்ற நிலை இருக்க வேண்டும். பத்து இருபது செய்யலாம் என்று தோன்றினால் சுமை போதவில்லை.

எழவே முடியவில்லை என்றால் மடித்த போர்வையோ கெட்டித் தலையணையோ போட்டு இருக்கையை உயர்த்துங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு மடிப்பைக் குறையுங்கள். 12 முறை சுலபமானால் கைக்கு ஒன்றாக ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், 2 கிலோ கூடிவிடும். வழக்கமாகத் தப்பு நடப்பது மூன்று இடங்களில். பாதம் முன்னால் இருப்பதால் உந்தி உந்தி எழுவது. முழங்கால்கள் உள்பக்கம் ஒன்றையொன்று பார்த்துச் சாய்வது. பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக அவை போக வேண்டும். கடைசி ஒரு சாணைப் பொத்தென்று விழுந்து முடிப்பது. மூன்றாவதுதான் பெரிய நஷ்டம். பிரேக்குக்கான பயிற்சி அந்தக் கடைசிச் சாணில்தான் இருக்கிறது.

இத்துடன் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவதை 12 முறை சேர்த்துக்கொள்ளலாம், குக்கர் விசில் வருவதற்குள் முடிந்துவிடும். அதே மேடை ஓரத்தில் ஒரு பாதத்தின் நுனியில் மறு பாதத்தின் குதிகாலை வைத்து 10 நொடி நிற்பது சமநிலைக்கு. வீட்டுப் படி 15 முதல் 18 செ.மீ. உயரம் இருக்கும். படிப் பயிற்சியை அதைவிடத் தாழ்ந்த பலகையில், கைப்பிடியோடு தொடங்குங்கள். மேலே வைத்த கால்தான் உடம்பைத் தூக்க வேண்டும். கீழே இருக்கும் கால் தரையை உதைத்து உதவினால் அது ஏமாற்று.

பயிற்சியில் வலித்தால் நிறுத்த வேண்டுமா? 0 முதல் 10 வரை வலிக்கு மதிப்பெண் போடுங்கள். இரண்டு வரை கவலை இல்லை. ஐந்துவரை பொறுக்கலாம், ஆனால் மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும், புது வீக்கமும் கூடாது. வராவிட்டால் பயிற்சி தப்பில்லை, அளவு கூடிவிட்டது. அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். நம் ஊரில் அளவு மீறுவது பெரும்பாலும் பயிற்சியில் அல்ல, பண்டிகையில். வலி குறைந்த நாளில் போகிக்குப் பரண் ஒழிப்பது, தெருமுனைவரைகூட நடக்காதவர் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் 14 கி.மீ. கிரிவலம் சுற்றுவது, பிறகு ஒரு வாரம் படுக்கை. அந்த ஒரு வாரம் பல நாள் பயிற்சியில் சேர்த்ததைத் தின்னும்.

நடையையும் நிமிடக் கணக்கில் சேமிக்க வேண்டும். எத்தனை நிமிடத்தில் வலி கூடுகிறது என்று பாருங்கள். 15 நிமிடம் என்றால் 8 நிமிடத்தில் தொடங்குங்கள், காலை ஒன்று, மாலை ஒன்று. வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட இலக்கை அடைய நான்கைந்து மாதம் ஆனாலும் குறையில்லை. வேகம் சரியா என்பதற்குக் கருவி வேண்டாம்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மே மாதத்தில் காலை நடையை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை ஆவியாகாவிட்டால் உடம்பு குளிராது. மெரினாவுக்குப் போனால் நடைபாதையிலேயே நடங்கள். மணலில் நடக்க ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தி செலவாகும், காலும் கோணலாக ஊன்றும். நாகேஸ்வரராவ் பூங்கா மாதிரி நிழலும் உட்கார இடமும் உள்ள பாதைதான் தொடக்கத்துக்கு உகந்தது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் சட்டைப்பையில் இரண்டு மூன்று சர்க்கரை மிட்டாய் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பாதம் மரத்துப் போனவர்கள் வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது.

கைத்தடியைப் பலர் வலிக்கும் பக்கத்துக் கையிலேயே பிடிக்கிறார்கள். எதிர்க்கையில்தான் பிடிக்க வேண்டும். வலிக்கிற காலும் தடியும் சேர்ந்து முன்னால் போகும். உயரம், கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்பு வரை. எடையைப் பற்றி ஒரே கணக்கு: உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் ஏறக்குறைய 4 கிலோ குறையும்.

நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, மூட்டு சிவந்து காய்ச்சல் வந்தாலோ பயிற்சியை விட்டு மருத்துவமனைக்குப் போங்கள். செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு, சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. நடமாட முடியாதவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) தருகிறார்கள்.

இனி மந்தைவெளி அம்மாவின் படிக்கட்டு. தொடக்க வாரங்களில் ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துப் போகலாம்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், கை எப்போதும் கைப்பிடியில். நாற்காலிப் பயிற்சி 12ஐத் தாண்டியதும் மாற்றுக்கால் போட்டு ஏறத் தொடங்கலாம். மாற்றுக்கால் போட்டு இறங்குவது அதற்குப் பிறகு ஒரு மாதமாவது கழித்து. மெட்ரோ நிலையத்துக்குப் போனால் ஏறுவதற்குப் படி, இறங்குவதற்கு லிஃப்ட். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.