ஃபேக்டர் 8-க்குள் ஒரு பன்றித் துண்டு

"அக்கா மகனுக்கு ஹீமோபிலியா. மாசம் தவறாமல் சேலம் ஜி.எச்.சுக்குக் கூட்டிப்போய் ஃபேக்டர் போட்டு வருகிறோம். வேலூரில் ஜீனையே மாற்றி ஒரேயடியாகக் குணப்படுத்திவிட்டார்களாமே, நிஜமா?" அம்மாபேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி இது.

நிஜம்தான். ஆனால் ஐந்து பேருக்கு மட்டும், அதுவும் ஆய்வாக.

நோயைப் பற்றிப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் மரபணு பழுதாகி, ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 என்ற புரதம் உருவாகாமல் போவதுதான் ஏ வகை ஹீமோபிலியா. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும். அளவு இயல்பில் 1 சதவீதத்துக்கும் கீழே போனால் கடுமையான வகை. வெட்டுக்காயத்தில் ரத்தம் கொட்டுவதைத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பையனை முடக்குவது வெளியே தெரியாமல் முழங்காலுக்குள் கசியும் ரத்தம். இதில் நாக தோஷம், குலதெய்வக் குற்றம் என்று பெற்றவளைப் பழிக்கும் வழக்கம் வேறு. கடுமையான வகையில் மூன்றில் ஒரு பங்கு, குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக முளைக்கும் மரபணுப் பிழை. இதில் எந்த முன்னோரைப் பிடித்து உலுக்குவது?

ஃபேக்டர் ஊசியின் கணக்கு எளிது. கிலோவுக்கு 1 யூனிட் போட்டால் ரத்தத்தில் 2 சதவீதம் ஏறும். 50 கிலோ பையனுக்கு 50 சதவீதம் ஏற்ற 1,250 யூனிட். சுமார் 12 மணி நேரத்தில் அது பாதியாகும். மறுநாள் இதே நேரம் கால்வாசிதான் மிச்சம். மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். ஏற்காட்டு எஸ்டேட் பிள்ளைக்கு ராத்திரி மூட்டு வீங்கினால் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கித்தான் வர வேண்டும். போதாக்குறைக்கு, கடுமையான வகையினரில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருடைய உடல் ஊசி வழி வரும் ஃபேக்டரையே அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடும்.

அதனால்தான் உடம்பையே ஃபேக்டர் தயாரிக்க வைக்கும் முயற்சி. ஏஏவி என்ற சின்ன வைரஸில் மரபணுவை ஏற்றிக் கல்லீரலுக்கு அனுப்புவது ஒரு வழி. 2023-ல் அமெரிக்கா அனுமதித்த ராக்டேவியன் அப்படிப்பட்டது. அப்போது அதன் விலை 29 லட்சம் டாலர். ஏஏவிக்குள் சுமார் 4,700 டி.என்.ஏ. எழுத்துகள்தான் அடங்கும். ஃபேக்டர் 8-ஐ உருவாக்கும் செய்தியோ சுமார் 7,000 எழுத்துகள். உறைதலுக்குத் தேவைப்படாத பி என்ற நடுப்பகுதியை வெட்டி ஒருவழியாகத் திணிக்கிறார்கள். ஏற்கெனவே அந்த வைரஸுக்கு எதிர்ப்பொருள் இருப்பவருக்கு வேலை செய்யாது. ஏறிய அளவும் வருடத்துக்கு வருடம் இறங்குகிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து வேறு வழியில் போனார்கள். அதில் என்னைச் சொக்கவைப்பது அந்தப் புரதமே.

மனித ஃபேக்டர் 8 ஒரு சோம்பேறிப் புரதம். செல்லுக்குள் உருவாகும் ஒவ்வொரு புரதமும் சரியாக மடிந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். நெய்து வந்த சேலையை விரித்துப் பிசிறு பார்க்காமல் முதலாளி வாங்குவாரா? அந்தச் சோதனைச்சாவடியின் காவல்காரப் புரதத்துக்கு பிஐபி என்று பெயர். தண்ணீருக்கு ஒதுங்கும் ஒட்டும் பகுதிகள் வெளியே தெரிந்தால் அது பிடித்துக்கொள்ளும். மனித ஃபேக்டர் 8-இன் ஏ1 பகுதியில் அப்படி ஓர் ஒட்டும் இடம் உண்டு. பிஐபி பிடித்தால் விடாது. உள்ளே தேங்கத் தேங்கச் செல்லுக்கு நெருக்கடி, உற்பத்தியையே குறைத்துக்கொள்ளும்.

பன்றியின் ஃபேக்டர் 8-க்கு இந்தத் தொல்லை குறைவு. மனிதப் புரதத்தைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக வெளியேறும். புரதம் முழுவதையும் மாற்றாமல் ஏ1-ஐயும் ஏ3 என்ற இன்னொரு பகுதிக்கு முன்னால் ஒட்டியிருக்கும் சிறு துண்டையும் மட்டும் பன்றியிடமிருந்து எடுத்து, மற்றதை மனிதனிடமிருந்தே வைத்துக்கொண்டார்கள். பி பகுதியும் போயிற்று. கிடைத்த கலவையின் பெயர் இடி3. 91 சதவீதம் மனிதன். இயற்கையில் எங்கும் இல்லாத, எழுதி உண்டாக்கிய புரதம். செயற்கை உயிரியல் என்றால் இதுதான். பன்றி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், பன்றி ஃபேக்டர் 1950-களிலேயே ஊசியாகப் போடப்பட்டது. பன்றித் துண்டுக்கும் எதிர்ப்பொருள் வராதா என்ற கவலை நியாயமானது, கண்காணித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

இனி செய்முறை. நோயாளியின் ரத்த மூல செல்களை மருந்தால் எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்குக் கிளப்பி, இயந்திரத்தில் பிரித்தெடுக்கிறார்கள். வெளியே வைத்தே லென்டிவைரஸால் இடி3 மரபணுவை ஏற்றுகிறார்கள். எச்.ஐ.வி.யிலிருந்து வந்த வண்டிதான். பெருகுவதற்கான மரபணுக்களைத் தனித்தனி டி.என்.ஏ. வளையங்களாகப் பிரித்துவிட்டதால் ஒரு முறை நுழைவதோடு சரி, மறுபடி கிளம்பாது. மரபணுவுக்கு முன்னால் சிடி68 என்ற சுவிட்ச். மோனோசைட் என்ற வெள்ளை அணு போன்ற செல்களில் மட்டுமே அது எரியும், மூல செல்லில் அணைந்திருக்கும். இது முக்கியம். லென்டிவைரஸ் டி.என்.ஏ.வில் கண்ட இடத்தில் நுழையும். சுவிட்ச் மிக வலுவாக இருந்தால் பக்கத்து மரபணுவையும் கிளப்பிவிடும். வேறொரு நோய்க்கான ஸ்கைசோனா சிகிச்சையில் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது இப்படித்தான். கடைசியாக, கடும் கீமோ கொடுத்துப் பழைய மஜ்ஜையை அழித்துப் புதிய செல்களை ஏற்றுகிறார்கள். கீமோவால் குழந்தைப்பேறு பாதிக்கலாம். முன்பே விந்தணு சேமிப்பு பற்றிப் பேசிவிட வேண்டும்.

முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. 22 முதல் 41 வயதுக்காரர்கள். முதல் இருவருக்கு ஃபேக்டர் அளவு 5.2, 1.7 சதவீதம். வைரஸ் நுழைவைக் கூட்டும் ஒரு பொருளைச் சேர்த்த மூவருக்கு 37.1, 19.3, 39.9. ஐவருக்கும் அதன்பின் ரத்தக்கசிவு இல்லை. எல்லோரையும் சேர்த்துக் கண்காணித்தது 81 மாதங்கள். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் பணம் இதில் இருக்கிறது. 29 லட்சம் டாலர் மருந்துக்கு இந்தியா கையேந்தாமல் இருக்க வேண்டுமானால் இப்படிப்பட்ட ஆய்வுக்குத்தான் பணம் கூடுதலாகப் போக வேண்டும் என்பேன்.

அம்மாபேட்டைக்காரருக்கு: இது இன்னும் மருத்துவமனையில் கேட்டு வாங்கும் சிகிச்சை ஆகவில்லை. அதுவரை தசையில் ஊசி கூடாது, ஆஸ்பிரின் கூடாது, ஆடி நேர்த்திக்கடன் என்று அலகு குத்தவே கூடாது. தலையில் அடிபட்டால் முதலில் ஃபேக்டர், அப்புறம்தான் ஸ்கேன். எதிர்ப்பொருள் பரிசோதனையின் அண்மைச் சீட்டு கையில் இருக்கட்டும். அக்காவுக்குப் பெண் குழந்தை இருந்தால் அதற்கும் ஃபேக்டர் அளவு பாருங்கள்; பழுது மரபணுவைச் சுமக்கும் பெண்களில் சிலருக்கும் அளவு குறைவாக இருந்து, மாதவிடாயிலும் பல் பிடுங்கும்போதும் ரத்தம் நிற்காமல் போவதுண்டு.