பயாப்ஸி: தமிழில் எப்படிச் சொல்வது?

மும்பையில் தாராவி, மாட்டுங்கா பக்கம் நம்மவர்கள் பயாப்ஸியை 'சதை டெஸ்ட்' என்பார்கள். "மார்புல கட்டி இருக்கு, சதை எடுத்து டெஸ்ட் பண்ணணுமாம்" என்று கேட்டதும் வீடே கலங்கிவிடும். அந்தச் 'சதை'யில் கத்தியும் ஆபரேஷனும் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

மூலச் சொல்லில் வெட்டு எதுவும் இல்லை. கிரேக்கத்தில் 'பயோஸ்' என்றால் உயிர், 'ஆப்சிஸ்' என்றால் பார்த்தல். பிரெஞ்சுத் தோல் மருத்துவர் எர்னஸ்ட் பெஸ்னியே 1879இல் இந்தச் சொல்லை உருவாக்கினார். உயிரோடு இருப்பவரின் உடலிலிருந்து சிறிதளவு எடுத்துப் பார்ப்பது, அவ்வளவுதான்.

தமிழில் 'திசுப் பரிசோதனை' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இலங்கைத் தமிழர்கள் திசுவை 'இழையம்' என்பார்கள். அழகான சொல், ஆனால் மும்பையில் சொன்னால் யாருக்கும் புரியாது.

பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. அமெரிக்காவில்கூட 1970கள் வரை, மயக்கம் கொடுத்துக் கட்டியை எடுத்து உடனே சோதிப்பார்கள். புற்றுநோய் என்றால் அதே மயக்கத்திலேயே மார்பகத்தையும் அகற்றிவிடுவார்கள். கண் விழித்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கே தெரியும்! இன்று பெரும்பாலும் கத்தியே வேண்டாம். அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்து, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசியால் மெல்லிய இழை போன்ற துண்டுகளை எடுக்கிறார்கள். ஊசிக் கருவி 'டக்'கென்று சத்தம் போடும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) மட்டும் தெரியும் சுண்ணாம்புப் புள்ளிகளைக்கூட, அந்த எக்ஸ்ரேயைப் பார்த்தே ஊசியால் எடுக்க முடியும். ஊசி குத்தினால் நோய் பரவி உயிருக்கு ஆபத்து கூடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அதை நம்பி மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

அந்தத் துண்டு, கட்டி புற்றுநோயா இல்லையா என்பதோடு நிற்பதில்லை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளும், செல்களை வளரத் தூண்டும் ஹெர்2 புரதமும் எப்படி இருக்கின்றன என்றும் பார்க்கிறார்கள். ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரை பலன் தருமா, ஹெர்2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி வேண்டுமா என்பதெல்லாம் இதை வைத்துத்தான் முடிவாகும்.

அப்புறம் ஒன்று. எடுத்த திசுவை மெழுகுக் கட்டிக்குள் பதித்து வைப்பார்கள், லேபில் அதை 'பிளாக்' என்பார்கள். வேறு இடத்தில் பரிசோதித்துவிட்டுப் பரேலில் உள்ள டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்கள், ரிப்போர்ட்டோடு, திசுவை மெல்லியதாகச் சீவி வைத்த கண்ணாடி ஸ்லைடுகளையும் பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே அவற்றை மறுபடியும் பார்ப்பார்கள்.