ஊன்றினால் நிற்கும், தூக்கினால் மடியும் முட்டி

"லாரி மோதியதில் என் தம்பிக்கு வலது கால் முட்டிக்கு மேலேயே போய்விட்டது. செயற்கைக் கால் வைக்கலாம், அதற்கு மடிகிற முட்டியும் உண்டு என்கிறார்கள். மடிகிற முட்டி மேல் முழு பாரத்தையும் போட்டு நின்றால் மடங்கி விழுந்துவிட மாட்டானா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். மிகச் சரியான கேள்வி. செயற்கைக் கால் செய்தவர்கள் காலங்காலமாக மல்லுக்கட்டியதும் இதே கேள்வியோடுதான். அதற்குக் கிடைத்த விடைகளில் ஒன்று, எனக்குத் தெரிந்த இயந்திர வடிவமைப்புகளிலேயே மிக அழகானது. பேட்டரி இல்லை, சென்சார் இல்லை, நாலு தண்டும் நாலு பின்னும்தான்.

முதலில் நடையைப் பார்த்துவிடுவோம். நடக்கும்போது ஒவ்வொரு காலும் தன் நேரத்தில் சுமார் 60 சதவீதத்தைத் தரையிலும் 40 சதவீதத்தைக் காற்றிலும் கழிக்கிறது. குதிகால் தரையைத் தொடும் நேரத்தில் முட்டி ஏறக்குறைய நிமிர்ந்திருக்கும். அப்போது அது மடங்கிவிடாமல் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசை. கால் காற்றில் முன்னே வீசும்போது முட்டி சுமார் 60 டிகிரி மடிகிறது. மடியாவிட்டால் பாதம் தரையில் இடிக்கும். மடிந்தும்கூட, கட்டைவிரலுக்கும் தரைக்கும் நடுவே மிஞ்சுவது ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். வயதானவர்கள் விரிப்பு நுனியில் தடுக்கி விழுவது ஏன் என்பது இதிலிருந்தே விளங்கும்.

முட்டிக்கு மேலே காலை எடுத்துவிட்டால், அந்த முன்தொடைத் தசைக்குக் கீழே பிடிக்க எதுவும் இல்லை. அதாவது பாரம் ஏறும்போது மடியவே கூடாத, பாரம் இறங்கியதும் தாராளமாக மடியவேண்டிய ஒரு மூட்டை, அதைப் பிடிக்கும் தசை இல்லாமலேயே செய்தாக வேண்டும்.

பழைய தீர்வு பூட்டு. 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே வடிவமைத்த இரும்புக் காலிலேயே முட்டிக்குப் பூட்டு உண்டு. நடக்கும்போது பூட்டி வைக்கலாம், உட்காரும்போது திறந்துவிடலாம். இன்றும் நம் ஊரில் பலர் பூட்டு முட்டியோடுதான் நடக்கிறார்கள். விழமாட்டார்கள், அது உண்மை. ஆனால் விறைத்த காலை முன்னே கொண்டுவர ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்பை ஏற்றவேண்டும், அல்லது காலை வெளிப்பக்கமாக வட்டமடித்து வீசவேண்டும். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கும், கொஞ்ச வருஷத்தில் முதுகு வலிக்கும். பூட்டைத் திறக்க மறந்து பேருந்து இருக்கையில் உட்கார்ந்தால் கால் நடைபாதை வரை நீளும், கண்டக்டர் "காலை மடக்குங்க" என்பார். மடக்க முடியாதவரிடம் அதைச் சொல்லும்போது அவர் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஒற்றை அச்சு முட்டி. கதவுக்குக் கீல் மாதிரி, தொடைக்கும் கீழ்க்காலுக்கும் நடுவே ஒரே ஒரு அச்சு. இங்கேதான் பள்ளிக்கூட இயற்பியல் கைகொடுக்கிறது. தரை பாதத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது அல்லவா? அந்த விசையை ஒரு கோடாக வரைந்துகொள்ளுங்கள், பாதத்தில் தொடங்கி இடுப்புப் பக்கம் ஏறும் கோடு. அந்தக் கோடு முட்டி அச்சுக்கு முன்னால் போனால், பாரம் முட்டியை இன்னும் நிமிர்த்தும். பின்னால் போனால் மடக்கிவிடும். முடிவு முழுக்க இதில்தான் இருக்கிறது.

சரி, அச்சைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்துவிட்டால் கோடு எப்போதும் முன்னால்தானே போகும்? போகும். ஆனால் எட்டின் முடிவில், நுனிக்காலை உந்திக் காலைத் தூக்கும் நேரத்தில் முட்டி மடியவேண்டும். அப்போது அது நிமிர்ந்தே நின்று அடம்பிடிக்கும். முன்னால் கொண்டுவந்தால் குதிகால் ஊன்றும்போது விழவைக்கும். அச்சு ஓர் இடத்தில்தான் இருக்க முடியும் என்கிற வரை இதற்கு முழுத் தீர்வு கிடையாது.

அப்படியானால் அச்சையே நகரவைத்தால்? இதைக் கையால் செய்து பார்ப்பது நல்லது. கெட்டி அட்டையில் நாலு பட்டைகளை வெட்டி, முனைகளைக் குண்டூசியால் கோத்து ஒரு நாற்கரம் செய்யுங்கள். மேல் பட்டைதான் தொடை. கீழ்ப் பட்டை கீழ்க்கால். இரண்டையும் இணைக்கும் முன்பட்டை ஒன்று, பின்பட்டை ஒன்று. மேல் பட்டை கீழ்ப் பட்டையைவிடக் குட்டையாக இருக்கட்டும். அப்போது முன்பட்டையும் பின்பட்டையும் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கும். இரண்டும் சற்றே பின்னால் சாய்ந்து நிற்கும்படி வைத்து, அவற்றின் நீட்சியைப் பென்சிலால் கோடாக இழுத்துக்கொண்டே போங்கள். இரண்டு கோடும் ஓர் இடத்தில் வெட்டிக்கொள்ளும். அந்த வெட்டுப்புள்ளிதான் அந்தக் கணத்தில் முட்டியின் சுழல் மையம். அங்கே ஒரு பின் இல்லை, ஓர் உலோகத் துண்டு இல்லை, வெறும் காற்று. ஆனாலும் அந்தப் புள்ளியில் ஒரு கீல் இருந்தால் எப்படித் திரும்புமோ, அப்படியே தொடை கீழ்க்கால் மேல் திரும்பத் தொடங்குகிறது.

முட்டி நிமிர்ந்திருக்கும்போது இந்த இல்லாத கீல், உண்மையான முட்டியைவிட நன்றாக மேலே, தொடைப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால் நிற்கிறது. மேல் பட்டையை மெல்லப் பின்னால் மடக்கிப் புதிதாகக் கோடு இழுத்துப் பாருங்கள். வெட்டுப்புள்ளி சரசரவென்று கீழே இறங்கி முன்னால் வரும். ஊன்றும்போது ஓர் இடத்திலும் மடியும்போது வேறு இடத்திலும் இருக்கிற அச்சு.

பின்னால் இருப்பதன் பலன் உடனே தெரியும்: குதிகால் ஊன்றும்போது விசைக்கோடு அதற்கு முன்னால் போகும், முட்டி நிற்கும். மேலே இருப்பதால் என்ன பலன்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். விசைக்கோடு பாதத்தில் தொடங்குகிறது. கால் தசை இல்லாவிட்டாலும் இந்த மனிதருக்கு இடுப்புத் தசை முழுதாக இருக்கிறது. சாக்கெட்டுக்குள், அதாவது மிச்சத் தொடையைச் செருகிக்கொள்ளும் கிண்ணத்துக்குள், இருக்கும் தொடையை இடுப்பால் பின்னால் அழுத்தினால் அந்தக் கோடு முன்னால் சாயும், முன்னால் இழுத்தால் பின்னால் சாயும். கீழ்முனை பாதத்தில் நிலையாக இருப்பதால், உயரம் கூடக்கூடச் சாய்வின் விலகலும் கூடும். முட்டி உயரத்தில் அரை விரற்கடை நகர்கிற கோடு, தொடை நடுவில் அதைவிட நன்றாகவே அதிகம் நகரும். சுழல் மையம் அந்த உயரத்தில் இருப்பதால், இடுப்பின் சிறு முயற்சிகூடக் கோட்டை மையத்துக்கு முன்னாலோ பின்னாலோ கொண்டுபோகப் போதும். குதிகால் ஊன்றும்போது லேசாகப் பின்னால் அழுத்துகிறார், முட்டி உறுதியாகிறது. நுனிக்கால் நிலையில் லேசாக முன்னால் இழுக்கிறார், கோடு மையத்துக்குப் பின்னால் போய் முட்டி மடியத் தொடங்குகிறது. மடியத் தொடங்கியதும் மையம் தானாகக் கீழே வந்துவிடுவதால் அதற்கப்புறம் தடை இல்லை. இல்லாத முட்டியை இருக்கிற இடுப்பால் ஆள்கிறார்! பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ராட்கிளிஃப் இந்தக் கணக்கை விரிவாகப் போட்டுக் காட்டினார். தண்டுகளின் நீளத்தைக் கொஞ்சம் மாற்றினால் மையத்தின் பாதையும் மாறும். தடுமாறும் முதியவருக்கு அதிகப் பிடிமானம் தரும் முட்டி ஒன்று, இடுப்பில் வலுவுள்ள இளைஞருக்குச் சுலபமாக மடியும் முட்டி இன்னொன்று என்று வரையலாம்.

கூடவே இரண்டு லாபங்கள் வந்து சேர்கின்றன. மடியும்போது கீழ்க்கால் சற்று மேலே சுருட்டிக்கொள்வதால் பாதத்துக்கும் தரைக்கும் இடைவெளி கூடுகிறது, தடுக்குவது குறைகிறது. உட்காரும்போது செயற்கைத் தொடை மற்றத் தொடையைவிட நீளமாகத் துருத்தாமல் கீழ்க்கால் உள்வாங்கிக்கொள்கிறது.

இயற்கையும் இதைத்தான் செய்து வைத்திருக்கிறது. நம் முட்டி வெறும் கீல் இல்லை. உள்ளே குறுக்காகப் போகும் இரண்டு தசைநார்கள், விளையாட்டு வீரர்களுக்கு அடிக்கடி கிழிகிறதே, அவை இரண்டு தண்டுகள். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் மற்ற இரண்டு. நம் முட்டியின் சுழல் மையமும் மடியும்போது இடம் மாறுகிறது.

ஸ்டான்ஃபோர்டு மாணவர்களும் ஜெய்ப்பூர் கால் அமைப்பும் சேர்ந்து இதே தத்துவத்தில் எண்ணெய் ஊறிய நைலானால் மலிவான ஒரு முட்டியைச் செய்தார்கள். 2022-இல் சென்னை ஐஐடி, பெங்களூரின் மொபிலிட்டி இந்தியா நிறுவனத்தோடும் மற்றவர்களோடும் சேர்ந்து "கடம்" என்ற நாலு தண்டு முட்டியை வெளியிட்டது. 160 டிகிரி வரை மடியும். பேருந்து இருக்கையில் காலை உள்ளே இழுத்து உட்கார அது தாராளம். ஐஐடியில் இதைச் செய்தது பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான குழு. நின்றபடி பயன்படுத்தும் "அரைஸ்" சக்கர நாற்காலியும் அவர்களுடையதுதான்.

செயற்கைக் காலுக்கான சர்வதேசச் சோதனை, 30 லட்சம் முறை பாரம் ஏற்றி இறக்கிப் பார்ப்பது. விநாடிக்கு ஒரு முறை என்றாலும் இரவு பகலாகச் சுமார் 35 நாள். செய்தித்தாளில் படம் வராத வேலை இது. மூளை அலையால் இயங்கும் கை என்றால் நிதியும் கைதட்டலும் கிடைக்கின்றன. பின்னைச் சுற்றி உட்காரும் புஷ் என்ற சிறு வளையம் தேயாமல் எத்தனை வருஷம் தாங்கும் என்று பார்ப்பதற்கு யார் பணம் தருகிறார்கள்? 1997-இல் ஜெர்மனியின் ஓட்டோபாக் நிறுவனம் கொண்டுவந்த கணினி முட்டி அற்புதமான கருவி, மறுக்கவில்லை. ஆனால் அதன் விலை பல லட்சம், தினமும் சார்ஜ் ஏற்றவேண்டும். சேற்று வயலுக்குப் போகிறவருக்கும் தள்ளுவண்டிக் கடை நடத்துகிறவருக்கும் நாலு தண்டு முட்டிதான் வாழ்க்கையைத் திருப்பித் தரும். நம் ஆராய்ச்சிப் பணத்தில் பெரும்பங்கு இந்தப் பக்கம் வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செயற்கைக் கால் கொடுக்கும் முகாம்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரே நாளில் அளவெடுத்து, இன்னொரு நாளில் மேடையில் கொடுத்து, படம் எடுத்து முடித்துவிடுகிறார்கள். அறுவைக்குப் பிறகு முதல் வருஷத்தில் மிச்சத் தொடை சுருங்கும், சாக்கெட் தளரும். சாக்கெட் தளர்ந்தால் இடுப்பின் அழுத்தம் முட்டிக்குப் போய்ச் சேராது, மேலே சொன்ன வடிவியல் அத்தனையும் வீண். நடைப் பயிற்சி கிடைக்காதவருக்கு இடுப்பால் ஆளவும் தெரியாது. பிறகு அந்தக் கால் பரணுக்குப் போகிறது. "கொடுத்தோமே, அவன் போடவில்லை" என்று பழியும் அவர்மேல் விழுகிறது. இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். எனவே தம்பிக்கு, இலவசமோ விலையோ, திரும்பத் திரும்பப் போய்ச் சாக்கெட்டைச் சரிசெய்துகொள்ளக்கூடிய இடமாகப் பாருங்கள். சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. கால் கைக்கு வரும் முன்பே இடுப்புத் தசைப் பயிற்சியை ஆரம்பித்துவிடலாம்.

இல்லாத பாதம் அரிக்கிறது, வலிக்கிறது என்று அவர் சொன்னால் மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். வெட்டிய காலைப் புதைத்த திசை சரியில்லை, முற்பிறவிப் பாவம் என்று பேச ஆள் வருவார்கள். மூளையில் அந்தப் பாதத்துக்கான இடம் இன்னும் விழித்திருக்கிறது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், இருக்கிற உறுப்பின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டியே பலருக்கு இந்த வலியைக் குறைக்கலாம் என்று 1990-களில் காட்டினார். மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த முட்டிக்கு ஓர் எல்லை உண்டு. அது தாங்கும், மடியும், ஆனால் உந்தாது. படியேறும்போது உடம்பைத் தூக்க அதில் சக்தி இல்லை. நல்ல காலை மேல்படியில் வைத்து, செயற்கைக் காலை அதே படிக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் படியில் இது சமாளிக்கக்கூடியது. நம் சாதாரணப் பேருந்தின் முதல் படி உயரத்தில், பின்னால் ஆட்கள் நெருக்க, ஓட்டுநர் விசிலுக்குக் காத்திருக்க, அது சமாளிக்க முடியாதது. சென்னையில் மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகுதான் 2024-இல் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தியா முழுமைக்கும் பொருந்தும். தம்பி இருப்பது சிறிய ஊர் என்றால், அங்கே புதுப் பேருந்து வாங்கும்போதும் தாழ்தளமாக வாங்குங்கள் என்று இப்போதே மனு எழுதிப் போடலாம்.