அரிய பாக்டீரியாவின் பெயரை ஆய்வகம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு மனித உடலோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. எப்போதாவது ஒன்று காயத்தின் வழியே ரத்தத்துக்குள் போய்விடும். அப்போதுதான் ஆய்வகத்துக்கு உண்மையான சோதனை.

குரோமோபாக்டீரியம் வயலேசியத்தையே எடுத்துக்கொள்வோம். வெப்பமண்டல மண்ணிலும் தேங்கிய நீரிலும் சாதாரணமாக இருப்பது. மனிதருக்கு இதனால் நோய் வந்தது முதன்முதலில் 1927-ல் மலேயாவில் பதிவானது. வருவது அபூர்வம். ஆனால் வந்துவிட்டால் ரத்தத்தில் வேகமாகப் பரவும், கல்லீரலில் சீழ்க்கட்டிகள் உண்டாகும். வழக்கமாகக் கொடுக்கும் பென்சிலின், செஃபலோஸ்போரின் மருந்துகள் பெரும்பாலும் எடுபடாது. சிப்ரோஃப்ளாக்சசின் பொதுவாகக் கேட்கும். இங்கே பெயர் தெரிவதும் தெரியாமல் போவதும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

வளர்ப்புத் தட்டில் ஒரு நாள் வைத்தால் அடர்ந்த ஊதா நிறத்தில் வட்ட வட்டமாக வளரும். பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியும். ஆனால் அந்த நிறமே ஒரு தொல்லையும் தருகிறது. பாக்டீரியாவில் ஒரு குறிப்பிட்ட நொதி இருக்கிறதா என்று பார்க்கும் ஆக்சிடேஸ் சோதனையில் 'ஆம்' என்பதற்கான அடையாளமும் ஊதாதான்! நிறம் சோதனையால் வந்ததா, பாக்டீரியாவுடையதா? இந்த நிறமி உருவாக ஆக்சிஜன் வேண்டும். அதனால் ஆக்சிஜன் இல்லாமல் வளர்த்து, வெளிறிய கூட்டத்தில் சோதிப்பார்கள். அப்புறம், பிறவியிலேயே நிறமில்லாத வகைகளும் உண்டு. அவற்றை ஏரோமோனாஸ் என்ற வேறு பாக்டீரியா என்று தவறாக எடுத்துக்கொள்வது எளிது.

இன்று பல ஆய்வகங்களில் இதற்கு மால்டி-டாஃப் என்ற கருவி இருக்கிறது. பாக்டீரியாவைத் துளி எடுத்து உலோகத் தட்டில் தடவி, மேலே ஒரு சொட்டு வேதிக்கரைசல் விட்டு உலர்த்துவார்கள். லேசர் பட்டதும் புரதங்கள் மின்னூட்டம் பெற்று, வெற்றிடக் குழாயில் பறக்கும். எடை குறைந்தது முதலில் போய்ச் சேரும். சேர்ந்த நேரத்தை வைத்து எடைகளைக் கணக்கிட்டால் அந்த இனத்தின் கைரேகை போன்ற ஒரு வரைபடம் கிடைக்கும். சில நிமிட வேலை.

ஆனால் அந்த வரைபடத்தைக் கருவி தன் சேமிப்பில் உள்ளவற்றோடுதான் ஒப்பிடும். அங்கே இல்லாத இனம் வந்தால் 'தெரியவில்லை' என்று சொல்லலாம், அது பரவாயில்லை. நெருங்கிய உறவுக்காரனின் பெயரைச் சொல்லிவிட்டால்தான் ஆபத்து. மெலியாய்டோசிஸ் என்ற கொடிய நோயைத் தரும் பர்க்கோல்டேரியா சூடோமல்லையை, அநேகமாகத் தீங்கில்லாத பர்க்கோல்டேரியா தாய்லாந்தென்சிஸ் என்று கருவிகள் சொன்னது உண்டு.

சந்தேகம் வந்தால் 16எஸ் மரபணுவை வாசிப்பார்கள். சுமார் 1,500 டி.என்.ஏ. எழுத்துகள். எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும், இனத்துக்கு இனம் சில பகுதிகள் மாறும். தெரிந்த இனத்தோடு ஒற்றுமை ஏறத்தாழ 98.7 சதவீதத்துக்குக் கீழே போனால் வேறு இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். மிக நெருங்கிய இனங்களுக்கு இதுவும் போதாது, முழு மரபணுத் தொகுப்பையே வாசிக்க வேண்டும்.

சரி, பெயர் கிடைத்துவிட்டது. நோய்க்குக் காரணம் அதுதானா? தோலிலிருந்தோ ஆய்வகத் தண்ணீரிலிருந்தோ வந்து ஒட்டியதாகவும் இருக்கலாம். வெவ்வேறு இடத்தில் குத்தி எடுத்த இரண்டு ரத்த மாதிரிகளிலும் அதுவே வளர்ந்ததா, சீழை நேரடியாக நுண்ணோக்கியில் பார்த்தபோதும் தெரிந்ததா என்று பார்க்க வேண்டும். காயத்தில் சேறோ குளத்து நீரோ பட்டதா என்று சிகிச்சை தரும் மருத்துவரிடமும் ஆய்வகம் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால், எந்தக் கருவியின் முடிவுக்கும் சமமான மதிப்பு அந்தக் கேள்விக்கு உண்டு.